ஜெர்மன்காரன் இசைத்தட்டில் நாயனம், நம் வீட்டு வாசலில் செண்டை

பதிவு கொஞ்சம் நீளம். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். பாதி படித்துவிட்டுத் திட்டுகிறவர்களுக்கு, ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தது போலவே, இம்போசிஷன் உண்டு.

போன வைகாசியில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. யார் வீடு, எந்த மண்டபம் என்று சொல்லப் போவதில்லை. போனவர்களுக்குத் தெரியும். ஜெயமங்கலத்திலிருந்து மட்டும் இரண்டு வேன் போனது. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு சுருதிப் பெட்டி, தாளத்துக்கு ஒரு சிறுவன் என்று மேளக்காரர்கள் விடிகாலை ஐந்து மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மணமேடைக்கு அருகில் அல்ல, கை கழுவும் இடத்துக்குப் போகிற வழியில். மேடையை வீடியோக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கெட்டிமேளம் கொட்டித் தாலி கட்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நாயனக்காரர் அப்போதுதான் ஒரு ராகத்தைத் தொட்டு மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தார். காதில் கம்மல் போட்ட ஒரு பையன் வந்து, "போதும்ணே, நிறுத்துங்க. டிஜேக்கு சவுண்ட் செக் பண்ணணும்" என்றான். அவர் நிறுத்திவிட்டார். கோபப்படக்கூட இல்லை. சீவாளியைக் கழற்றித் துடைத்து, பையில் வைத்துக் கட்டினார். எத்தனை மண்டபத்தில் இதைக் கேட்டாரோ!

அப்புறம் வாசலில் செண்டை. பன்னிரண்டு பேர். பிள்ளைகள் எல்லாம் ஆடினார்கள். சாப்பாட்டுப் பந்தியில் மேளக்காரர்களுக்கு இடம் கிடைத்தது நாலாவது பந்தியில். அதுவும் அப்பளம் தீர்ந்த பிறகு. நான் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு இதை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பதிவே பொய்.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் மட்டும் கேட்டேன். "என்ன மாமா நீங்க, நாதஸ்வரம்னாலே பழைய காலம். இப்ப பிள்ளைகளுக்குப் புதுசா ஏதாவது வேணும். உலகமே எங்கயோ போயிருச்சு" என்றார்.

உலகம் எங்கே போயிருக்கிறது என்று அவருக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னவன் ஒரு பழைய மாணவன். ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அந்தக் கல்யாணம் முடிந்த அதே வாரம் அவனிடமிருந்து ஒரு செய்தி: "சார், இது 1973ல இங்க வந்த ரெக்கார்டு. இதுல நம்ம நாதஸ்வரம் இருக்குன்னு அட்டையில போட்டிருக்கான். கேட்டுட்டு நெசமான்னு சொல்லுங்க."

ஆல்பத்தின் பெயர் 'வீ கீப் ஆன்'. குழுவின் பெயர் எம்ப்ரியோ. கரு என்று அர்த்தம். மியூனிக் நகரத்தில் 1969-ல் கிறிஸ்டியன் புர்கார்ட் என்ற டிரம்ஸ் கலைஞரும் நண்பர்களும் தொடங்கிய குழு. ராக், ஜாஸ், எங்கெங்கோ கேட்ட கிழக்கத்திய இசை எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் ஏற்றிச் சமைத்தவர்கள். அந்தக் காலத்து ஜெர்மன் ராக்குக்கு இங்கிலாந்துப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் 'கிராட்ராக்'. கிராட் என்றால் முட்டைக்கோஸ் சமாச்சாரம். ஜெர்மன்காரனைக் கிண்டல் செய்கிற சொல். நம் பாட்டைக் 'கருவாட்டுப் பாட்டு' என்று ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. அவர்கள் கோபப்பட்டுக்கொண்டு உட்காரவில்லை. வேலையைப் பார்த்தார்கள்.

அந்த ஆல்பத்தில் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்தவர் சார்லி மரியானோ என்ற அமெரிக்கர். அவர் பெயருக்கு எதிரே வாத்தியங்களின் பட்டியலில் நாகஸ்வரம் என்று போட்டிருக்கிறது. கவனியுங்கள், நாதஸ்வரம் அல்ல. நாகஸ்வரம்தான் பழைய பெயர் என்று நம் அறிஞர்கள் எத்தனையோ வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். நம் மண்டப பேனரில் வராத பெயர் ஜெர்மன் அட்டையில் வந்துவிட்டது.

இந்த மரியானோ சாதாரண ஆள் இல்லை. 1923-ல் பாஸ்டனில் பிறந்தவர். அங்கே பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்து, அங்கேயே பாடமும் நடத்தியவர். சார்லஸ் மிங்கஸ் என்ற மாபெரும் ஜாஸ் மேதையின் 1963 ஆல்பத்தில் வாசித்தவர். ஜாஸ் உலகில் அதற்கு மேல் பதக்கம் வேண்டியதில்லை. 1960-களின் நடுவில் மலேசியாவுக்கு, வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். போன இடத்தில் நாயனச் சத்தம் காதில் விழுந்தது. மலேசியாவுக்கு நாயனம் எப்படிப் போனது என்று நம்மூர்க்காரர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள் மாரியம்மனையும் கொண்டு போனார்கள், மேளத்தையும் கொண்டு போனார்கள். அந்தத் தோட்டத்துக் கூலிகள் காப்பாற்றி வைத்திருந்த வாத்தியத்தின் முன்னால், நாற்பது வயது தாண்டிய, உலகப் பெயர் வாங்கிய ஒரு சாக்ஸபோன் வித்வான் மாணவனாக உட்கார்ந்தார். பிற்பாடு இந்தியாவுக்கும் வந்து தங்கிப் படித்தார்.

நாற்பது தாண்டி நாயனம் கற்பது என்றால் என்ன என்று அறிவியல் வாத்தியாராகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒலி பாடத்தைத் தூக்கத்தில் கேட்டவர்களுக்கு இது மறுபரிசீலனைத் தேர்வு. சாக்ஸபோனும் நாயனமும் தூரத்துச் சொந்தம். இரண்டுமே உள்ளே கூம்பு வடிவக் குழாய். ஆனால் சாக்ஸபோனில் ஒற்றை நாணல் துண்டு, பக்கத்துக்குப் பக்கம் சாவிகள். சாவிகளைச் சேர்த்து அழுத்தினால் சுரம் வரும். நாயனத்தில் சாவியே கிடையாது. சீவாளி இரட்டை நாக்கு. விரல் வைக்க ஏழு துளை. அந்த ஏழு துளையை வைத்துக்கொண்டு, இடையில் இருக்கிற அத்தனை சுரத்தையும், சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கிற வழுக்கலையும் அசைவையும், உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் அழுத்தத்தாலும் பாதி மூடிய விரலாலும் கொண்டு வர வேண்டும். சிறு வயதில் ஆரம்பித்தாலே பத்து வருஷம் பிடிக்கும். அந்த மனிதர் தெரிந்தே அதில் கை வைத்தார்.

சரி, பாட்டு எப்படி இருந்தது? மாணவனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் எனக்குப் பிடிபடவில்லை. சமையல்கட்டில் பாத்திரக்கடையைக் கவிழ்த்தது போல் டிரம்ஸ். மின்சார கிதார் ஒரு பக்கம் சிணுங்குகிறது. என் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "போன் கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்டபோது தாளத்தின் கணக்கு புரிய ஆரம்பித்தது. ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள், அதற்கு மேலே ஒருவர் மாற்றி ஒருவர் ஏறி விளையாடுகிறார்கள். தவில் தனி ஆவர்த்தனம் கேட்டவனுக்கு இது அந்நியமே இல்லை.

மரியானோவின் நாயனத்தையும் தனியாகத் தேடிக் கேட்டேன். 1975-ல் எபர்ஹார்ட் வெபர் என்ற ஜெர்மன் பாஸ் கலைஞரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' ஆல்பத்திலும் அவர் சாக்ஸபோனோடு ஷெனாயும் நாகஸ்வரமும் வாசித்திருக்கிறார். மியூனிக்கின் ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்டது. நான்கே உருப்படிகள். அமைதியான, அகலமான இசை. வாசிப்பு நம் காதுக்கு முழுமையானது அல்ல. கமகம் போதாது. நம்மவர் ஒரு சுரத்தைப் பிடித்து ஆட்டுகிற இடத்தில் அவர் சாக்ஸபோன்காரராக நேராக நடந்து போய்விடுகிறார். தோடியை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். ஆனால் அந்த வாத்தியத்தை அவர் அலங்காரத்துக்கு வைக்கவில்லை. அதன் குரலுக்கு ஆல்பத்தில் இடம் விட்டு, மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கின்றன. கை கழுவும் இடத்துக்குப் போகிற வழியில் உட்கார வைக்கவில்லை.

இங்கேதான் என் சண்டை. 'புதுசு வேணும்' என்கிற அந்தச் சித்தப்பாவோடும், அவரைப் போலப் பேசுகிற நம் வீட்டுப் பிள்ளைகளோடும்.

புதுசு என்றால் என்ன என்று அந்த ஜெர்மன்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். போருக்குப் பின் பிறந்த, வளர்ந்த தலைமுறை அவர்கள். அப்பன்மார் காலத்துப் பாட்டைப் பாட மனசு வரவில்லை. அமெரிக்கக்காரனை அப்படியே நகல் எடுக்கவும் பிடிக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாதவன் போல உலகம் முழுக்கத் தேடினார்கள். 1978-ல் இந்த எம்ப்ரியோ குழு பஸ்ஸில் ஏறி ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வரை வந்தது. போகிற வழியெல்லாம் உள்ளூர் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்தது. அதை 'வாகபுண்டன் கரவானே' என்று ஒரு படமாகவும் எடுத்திருக்கிறார்கள். பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி நடத்திய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடும் சேர்ந்து வாசித்தார்கள். அதே பெங்களூர்க் குழுவோடு மரியானோ 1983-ல் 'ஜோதி' என்று ஓர் ஆல்பம் போட்டார். ஆர்.ஏ. ராமமணி அம்மாவின் பாட்டு, மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல், நடுவில் இவருடைய சாக்ஸபோனும் குழலும். கேட்டுப் பாருங்கள். எந்தக் கலப்பிலும் யாரையும் எழுப்பி வெளியே அனுப்பவில்லை.

அவர்கள் சோதனை செய்தது கற்றுக்கொண்டு. நாம் சோதனை செய்வது கழித்துக்கட்டி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள்.

'சார் பழமைவாதி, கலப்பே கூடாது என்கிறார்' என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன். நாயனமே ஒரு சோதனையில் பிறந்த வாத்தியம்தான். பழைய நாயனம் திமிரி. குட்டையானது, உச்சஸ்தாயியில் கத்துவது. இன்று நாம் கேட்கிற பாரி நாயனம் நீளமானது, குரல் கீழிறங்கியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கேட்டுக்கொண்டதற்காக, கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி துளைகளின் இடத்தை மாற்றி மாற்றிக் கடைந்து பார்த்து, சுத்த மத்தியமம் சரியாகப் பேசுகிற நாயனத்தை 1950-களில் செய்து கொடுத்தார். மரம் ஆச்சா. பழைய வீடு இடித்த இடத்தில் கிடைக்கிற, ஈரம் முழுக்க வற்றிய உத்தரக் கட்டையைத் தேடி வாங்கிக் கடைவார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு வித்வானும் ஓர் ஆசாரியும் பட்டறையில் உட்கார்ந்து செய்த ஆராய்ச்சி அது. எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் செய்த எந்தப் பரிசோதனையும் அந்த அளவுக்கு ஒரிஜினல் இல்லை.

அந்த ராஜரத்தினம் பிள்ளைதான், மேளக்காரன் என்றால் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், கிராப்பு வைத்து, ஷெர்வானி போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தவர். அதுவும் சோதனைதான். அதற்கு அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமா?

எதிர்ப்பக்கமும் பாருங்கள். மங்களூர்ப் பக்கத்து கத்ரி கோபால்நாத், நாயனக்காரர் மகன். சாக்ஸபோனை எடுத்துப் பல வருஷம் உழைத்து அதில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். அமெரிக்க சாக்ஸபோன்காரர் நாயனத்துக்கு வந்தார், நாயன வீட்டுப் பிள்ளை சாக்ஸபோனுக்குப் போனார். இருவரும் பாதியில் சந்தித்துக் கைகுலுக்கியது போல் இருக்கிறது. இதில் நான் எதற்கு முகம் சுளிக்கப் போகிறேன்?

நம் மாவட்டத்துக்காரர் கதையே இருக்கிறது. பண்ணைப்புரத்து இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' என்று ஒரு கேசட் போட்டார். சினிமா இல்லை, பாட்டு வரி இல்லை, வெறும் வாத்தியம். தியாகராஜருக்கும் ஜெர்மன்காரரான பாஹ்குக்கும் சமர்ப்பணம். நம் பக்கத்து டீக்கடைகளில் அவர் பாட்டு ஓடாத நாள் இல்லை. ஆனால் இந்தக் கேசட் ஓடி நான் கேட்டதில்லை. கல்லூரிப் பையன்கள் சிலர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் 'பாட்டு எங்கே?' என்று கேட்டார்கள். வார்த்தை இல்லாத இசை என்றால் நமக்கு ஒரு பயம். அது வேறு சண்டை, இன்னொரு நாள்.

செண்டையைப் பற்றி. கேரளத்துக்காரர்களோடு எனக்கு ஒரு விரோதமும் இல்லை. கம்பம் தாண்டினால் குமுளி, குமுளி தாண்டினால் அவர்கள் ஊர். பாதிப் பேருக்கு அங்கே தோட்டத்து வேலையும் சொந்தமும் உண்டு. செண்டை மகத்தான கலை. பஞ்சாரி மேளம் என்றால் அதற்கென்று கணக்கு, அடுக்கடுக்காக ஏறுகிற வேகம், மணிக்கணக்கான பொறுமை. அதைக் கோயில் முற்றத்தில் நின்று கேளுங்கள், நானும் வருகிறேன். ஆனால் நம் மண்டப வாசலில் நடப்பது அது இல்லை. சினிமாப் பாட்டு மெட்டுக்கு ஐந்து நிமிடம் அடித்து, ரீல்ஸ் எடுத்து முடிந்ததும் அடுத்த மண்டபத்துக்கு வேன் ஏறுகிறார்கள். செண்டைக்கும் அது அவமானம்தான். அந்த இளைஞர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. கூப்பிடுகிற நம்மைச் சொல்கிறேன்.

'நாதஸ்வரம் ரொம்பச் சத்தம், பேச முடியவில்லை' என்று ஒரு குற்றச்சாட்டு. டிஜே பெட்டி போட்ட பிறகு பக்கத்தில் இருப்பவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். நாயனம் திறந்த வெளிக்கு, தேர் வீதிக்குச் செய்யப்பட்ட வாத்தியம். அதன் வாயில் மைக்கைச் செருகித் தகரக்கூரை மண்டபத்துக்குள் அலற விடுவது நாம். பழி வாத்தியத்துக்கு.

'செலவு' என்று இன்னொன்று. நான் அந்தக் கல்யாணத்தில் விசாரித்தேன். மேளத்துக்கு எட்டாயிரம். டிஜேக்கும் செண்டைக்கும் சேர்த்து அறுபதுக்கு மேல். கணக்கு நான் போட வேண்டுமா?

கோயிலுக்குப் போனால் அங்கே வேறு கூத்து. தீபாராதனைக்குப் பொத்தானை அழுத்தினால் மின்சார மோட்டார் முரசையும் மணியையும் அடிக்கிறது. இப்படி எத்தனையோ சின்னக் கோயில்களில் வந்துவிட்டது. கரண்ட் போனால் சாமிக்கு மேளமும் போச்சு. மேளக்காரர் வைக்க வருமானம் இல்லை என்பார்கள். சிமென்ட் வளைவுக்கும் அதில் உபயதாரர் பெயருக்கும் மட்டும் பணம் வருகிறது.

இப்போது நான் சொல்ல வேண்டிய, ஆனால் சொல்லத் தயங்குகிற இடம்.

நம் பக்கத்தில் நாயனம் ஏன் தேய்ந்தது என்பதற்கு டிஜே மட்டும் காரணம் இல்லை. டிஜே வருவதற்கு ரொம்ப முன்பே அதை நாம் கொல்ல ஆரம்பித்துவிட்டோம். வாசிக்கிறவரின் சாதியைச் சொல்லி. தென் மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களில் நாயனம் வாசிக்கிற குடும்பமும் முடி திருத்துகிற குடும்பமும் ஒன்றுதான். சாமிக்கு முன்னால் நடக்க அவர் வேண்டும், தாலி கட்டும்போது அவர் ஊத வேண்டும், பந்தியில் மட்டும் அவர் கடைசி. அவர் பெயரைச் சொல்லி 'வாங்க' என்று கூப்பிட்ட வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். எந்த அப்பன் தன் மகன் கையில் அந்த வாத்தியத்தைக் கொடுப்பான்?

1990-களின் நடுவில் என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நாயனக்காரர் மகன். சித்திரை மாதத் திருவிழாக்களுக்கு அப்பாவோடு ஒத்து ஊதப் போய்விட்டு, பள்ளி திறந்து நாலு நாள் கழித்து வந்தான். எழுப்பி நிற்க வைத்து, "ஊதுறதுக்கா உங்கப்பன் உன்னைப் பள்ளிக்கூடம் சேர்த்தாரு?" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் இருந்தவர்கள் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் அவன் அப்பா வந்தார். திருவிழாவில் ஆயிரம் பேரை நிறுத்தி வைக்கிற மனிதர், ஆசிரியர் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சார் சொல்றதுதான் சரி. இது என்னோட போகட்டும்" என்றார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. ஒரு பிள்ளையைப் படிப்புக்குத் திருப்பிவிட்டோம் என்று.

அவன் படித்தான். ஐடிஐ முடித்து இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். அவனைப் படிக்கச் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சாதித் தொழிலே செய்யட்டும் என்று சொல்கிறவனும் நான் இல்லை. அப்படிச் சொல்கிறவர்கள் அவரவர் பிள்ளையை முதலில் பழனி தேவஸ்தானத்து நாதஸ்வர தவில் பள்ளியில் சேர்க்கட்டும். நான் செய்த தப்பு வேறு. அந்த வருஷமும் வகுப்பில் ஒலியைப் பற்றித்தான் பாடம் நடத்தினேன். காற்றுத் தம்பம் எப்படி அதிர்கிறது, அதிர்வெண் என்றால் என்ன என்று கரும்பலகையில் குழாய் குழாயாகப் படம் வரைந்தேன். இசைக்கவையைத் தட்டிக் காட்டினேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு நாயன வீடே உட்கார்ந்திருந்தது. 'தம்பி, நாளைக்கு அப்பாவோட நாயனத்தைக் கொண்டு வாடா, எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டு' என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு வகுப்பு சிரித்திருக்காது. அவன் படிப்பையும் விட்டிருக்க மாட்டான், ஊதுகுழலையும் விட்டிருக்க மாட்டான். ஒருவேளை விட்டிருக்கலாம். அந்த முடிவை அவன் எடுத்திருப்பான்.

உலகப் புகழ் வாங்கிய ஒரு பெர்க்லி வாத்தியார் நாயனத்துக்கு மாணவன் ஆனார். ஜெயமங்கலத்து வாத்தியார் நாயனக்காரர் மகனைப் பெஞ்ச் மேல் நிற்க வைக்காத குறையாக அவமானப்படுத்தினார். மரியானோ 2009-ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் காலமானார். அந்த நாயனக்காரரும் இப்போது இல்லை. அவரோடு போகட்டும் என்று அவர் சொன்னது நடந்துவிட்டது.

ஆகவே அந்தச் சித்தப்பாவைத் திட்டுவதற்கு முன் என்னைத் திட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அவரையும் விடுவதாக இல்லை. 'பழசு' என்று நீங்கள் தூக்கி எறிவது பழசு என்பதால் இல்லை. ஊதுகிறவரை நீங்கள் மதித்ததில்லை என்பதால். மதிக்காத கையில் இருக்கிற வாத்தியம் உங்கள் காதுக்குப் பழசாகத்தான் கேட்கும். அதே வாத்தியத்தை வெள்ளைக்காரர் ஊதி, ஜெர்மனியில் ரெக்கார்டு போட்டு, இன்று அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்றால் உடனே 'அப்படியா மாமா, லிங்க் அனுப்புங்க' என்பீர்கள். அனுப்பியிருக்கிறேன். கேளுங்கள். ஆனால் அவரை வைத்து நம் நாயனத்துக்கு மரியாதை வாங்கிக் கொடுக்க வேண்டிய நிலைமை வந்ததே, அதுதான் எனக்கு வெட்கம்.

ஆவணியில் நம் வீட்டில் பேத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரிடமும் பேசிவிட்டேன், அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். செண்டை இல்லை. டிஜே வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். முதல் நாள் ராத்திரி ஒன்பது முதல் பத்து வரை ஆடிக்கொள்ளட்டும், நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன். காலையில் மேளம் மேடைக்கு வலப்பக்கம், ஜமுக்காளம் விரித்து. மைக் கிடையாது. தாலி கட்டி முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். தோடி கேட்டிருக்கிறேன். போட்டோ எடுக்க வருகிறவர்கள் அந்த ஒரு மணி நேரம் வரிசையில் காத்திருக்கலாம், ஒன்றும் ஆகிவிடாது. வாசித்து முடித்ததும் அவர்களுக்குத்தான் முதல் இலை. பரிமாறுவது நானும் என் மகனும்.

திருப்பூருக்கும் பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். போனிலும் பேசினேன். நான் அன்று சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறானா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப" என்றான். அப்பாவின் நாயனம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பரண் மேலே இருக்கிறதாம். சீவாளி மட்டும் உடைந்துவிட்டதாம். வருவானா என்று தெரியவில்லை. லீவு கிடைத்தால் பார்க்கிறேன் என்றான்.